உளவியல் டிகிரிக்குக் கடன் எடுக்குமுன்: மலையகக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஏ.எல். பெறுபேறு வந்துவிட்டால் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் தனியார் கல்லூரிகளின் பேனர்கள் தொங்க ஆரம்பித்துவிடும், போனைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான். ஐ.டி., நர்சிங், பிஸ்னஸ் என்றிருந்த வரிசையில் இப்போது பிரயோக உளவியலும் சேர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். குடி, கடன், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போன அம்மா, பாதியில் பள்ளியை விட்ட பிள்ளை என்று திண்டாடும் எத்தனையோ தோட்டத்து வீடுகளுக்குத் தமிழில் பொறுமையாகக் கேட்கிற, அதற்கென்றே படித்த ஒரு ஆள் தேவை. ஆனால் படிப்பு நல்லது என்பதால் அதற்காக எடுக்கும் கடனும் நல்லதாகிவிடாது.

முதல் பிழை, மூன்று வருட டிகிரியை முடித்த கையோடு மகள் "சைக்காலஜிஸ்ட்" ஆகிவிடுவாள் என்று நம்பிக் கணக்குப் போடுவது. இலங்கையில் மருத்துவ உளவியலாளர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெறுகிறார்கள், அந்தப் பதிவுக்கு முதல் பட்டம் போதாது. அதற்கு மேல் மருத்துவ உளவியலில் பட்டமேற்படிப்பும் மேற்பார்வையோடு செய்த பயிற்சியும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எம்.பில். போன்ற படிப்புகள் அதற்குத்தான், இடமும் எல்லோருக்கும் கிடைக்காது. ஆகவே நீங்கள் மனதில் வைத்திருக்கும் சம்பளம் ஆறு, ஏழு வருடம் தள்ளியிருக்கிறது, கடன் தவணையோ அவ்வளவு காலம் காத்திருக்காது. இடைப்பட்ட வருடங்களில் கிடைக்கக்கூடியவை கம்பனி ஒன்றின் மனிதவளப் பிரிவு, தொண்டு நிறுவனத்தின் உளசமூகத் திட்டம், சர்வதேசப் பாடசாலை, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிலையம் போன்ற வேலைகள். கௌரவமான வேலைகள்தான். கடனைக் கட்ட முடியுமா என்பதை இந்த வேலைகளின் தொடக்கச் சம்பளத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். புரிவதற்காக ஒரு கணக்கு, உங்கள் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 15 இலட்சம் கடன், வருடத்துக்கு 15 வீத வட்டி, ஐந்து வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 35,700 ரூபாய், மொத்தமாகக் கட்டுவது 21 இலட்சத்துக்கு மேல். பிள்ளைக்குக் கொழும்பில் 60,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 8 வீதம் கழிந்தால் கையில் 55,200. போடிங், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 30,000 என்று சிக்கனமாகவே பிடித்தாலும் மிச்சம் 25,200. தவணைக்கே 10,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைப்பது வீட்டிலிருக்கும் அம்மா அப்பாதான். 2024இல் 1,350 ரூபாய் என்று தீர்மானித்த அடிப்படை நாட்கூலிப்படி மாதம் 25 நாளும் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்தால்கூட 33,750தான் வந்தது, அதிலும் ஈ.பி.எஃப். போனது. மழைக் காலத்தில் கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதாவது அந்தக் கூலியில், இந்தக் கடனின் ஒரு மாதத் தவணை, ஒரு ஆளின் ஒரு மாத உழைப்பைவிடப் பெரியதாக இருந்தது. இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் வரும் அமெரிக்கக் கணக்குகள். உளவியல் பட்டதாரியின் வருமானம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று டொலரில் ஒரு பக்கம் கிடைக்கும், பிள்ளைகள் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போவார்கள். அந்தத் தரவு பெரும்பாலும் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் காலேஜ் ஸ்கோர்கார்டிலிருந்து வருவது. அதில் போட்டிருப்பது இடையம், பாதிப் பேர் அதற்குக் கீழேதான் சம்பாதிக்கிறார்கள். அதுவும் கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெற்றவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு, தனியார் வங்கியில் வாங்கிய கடன் அதில் வராது. அங்கேயும் முதல் பட்டத்தோடு நிற்பவர் உரிமம் பெற்ற உளவியலாளர் ஆகிவிட முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்கும் முறை: இந்தப் பாடநெறியை முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார்கள்? இதையே இங்குள்ள கல்லூரியிடம் கேளுங்கள். "எங்கள் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலையில் இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், என்ன வேலை என்று கேளுங்கள். கோல் சென்டரில் இருப்பவரையும் வேலையில் இருப்பவர் என்றுதான் எண்ணுவார்கள். கடைசியாக முடித்த பேட்ச்சில் இரண்டு மூன்று பேரோடு நேரில் பேச வழி கேட்டுப் பாருங்கள், தயங்காமல் பேச விடுகிற இடத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

கட்டணத்தை விளம்பரத்தில் இருக்கும் ஒற்றைத் தொகையோடு முடித்துக்கொள்வதும் பிழை. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தவறினால் மறுபரீட்சை, பட்டமளிப்புக்குத் தனியாக, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் டிகிரி என்றால் ஒரு பகுதியைப் பவுண்ஸில் கட்டச் சொல்வார்கள், இதுதான் ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது, இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மீதிக் கட்டணம் ரூபாயில் எகிறிப்போனது. ரூபாயில் சம்பாதிக்கும் வீடு அந்நியக் காசில் கடமைப்படக் கூடாது என்பது என் அபிப்பிராயம், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நம் ஊரில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடையாது, அதனால் வீட்டை ஈடு வைத்துக் குறைந்த வட்டியில் கடன் எடுக்கும் வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. மிஞ்சுவது நகை அடகு, சீட்டு, நுண்கடன், இல்லையென்றால் அரச உத்தியோகம் பார்க்கும் சொந்தக்காரர் யாராவது பிணை நிற்பது. முதல் தவணைக் கட்டணத்தை நகையை வைத்துக் கட்டிவிட்டு, அடுத்ததற்கு நுண்கடன், அதை அடைக்க இன்னொரு நுண்கடன் என்று போவதுதான் இருப்பதிலேயே மோசமான பாதை. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனை, நான்கு வருடம் கழித்துச் சம்பளம் தரப்போகும் ஒன்றுக்காக எடுக்கவே கூடாது. பிணை நிற்கும் மாமாவிடமும் உண்மையைச் சொல்லுங்கள், தவணை தவறினால் வங்கி அவரைத்தான் தேடி வரும், ஒரு கையெழுத்தால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் உண்டு. தம்பி தங்கை இருக்கும் வீட்டில் அவர்கள் படிப்புக்கு என்ன மிஞ்சும் என்பதும் இதே கணக்கில்தான் வர வேண்டும்.

அங்கீகாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூர்த் தனியார் நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் பட்டம் வழங்க அனுமதி இருக்கிறதா, அந்த அனுமதி இந்தப் பாடநெறிக்கும் உண்டா என்று பாருங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருட சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், மேலே படிக்க நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பிரித்தானியப் பட்டம் என்றால் அங்குள்ள உளவியல் சங்கத்தின் அங்கீகாரம், இங்கே நடக்கும் வகுப்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

சரி, அப்படியென்றால் பிள்ளை ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். மலிவான கதவுகளைத் தட்டாமலே விலை கூடிய கதவுக்குப் போவதும் ஒரு பிழை, பலர் அவசரத்தில் செய்வது இதைத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, கண்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ஏ.எல். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம், நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன, ஆகவே உங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்க்காமல் "கேம்பஸ் கிடைக்காது" என்று முடிவெடுக்காதீர்கள். அரச பல்கலைக்கழகம் என்றால் பாடநெறிக் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். திறந்த பல்கலைக்கழகம் உளவியலில் சிறப்புப் பட்டம் நடத்துகிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் படிக்கத் தயாராக வேண்டும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை (கவுன்சிலிங்) டிப்ளோமா இருக்கிறது, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது நல்ல தொடக்கம்.

அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தையும் விசாரியுங்கள். அனுமதிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில், அனுமதிக்கப்பட்ட பாடநெறிகளுக்கு மட்டும் அது கிடைக்கும், வட்டியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் டிகிரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, பிணைக்கு யாரைக் கேட்கிறார்கள், எப்போதிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும், பிள்ளை இடையில் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்ற நான்கையும் வங்கியில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கல்லூரிக்காரர் "இன்றே கட்டினால் 50,000 கழிவு" என்று அவசரப்படுத்தினாலும் அந்தப் பதில்கள் கையில் வரும்வரை ஒரு சதமும் கட்ட வேண்டாம்.