காரை முதல்முறை டைனோவில் ஏற்றப் போகிறவர்களுக்கு

காரின் பலத்தை அளக்கும் டைனோவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும் "எத்தனை ஹெச்பி (குதிரைத்திறன்)?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அந்த ஓர் எண்ணுக்காகச் சேர்த்து வைத்த காசைக் கொட்டும் நம் பிள்ளைகள் கோலாலம்பூரில் நிறைய. எனக்கு அதில் வருத்தம் உண்டு. டைனோ தரும் தாளில் அந்த எண்ணைவிடப் பயனுள்ள விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாமலேயே பலர் தாளை மடித்துக் காருக்குள் போட்டுவிடுகிறார்கள். முதல்முறை போகிறவர் என்னவெல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம், எதைக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

டைனோ எதை அளக்கிறது?

காரை ஓரிடத்தில் கட்டி நிறுத்தி, சக்கரங்களை மட்டும் ஓடவிட்டு, எஞ்சினின் பலம் சக்கரம் வரை எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் எந்திரம் இது. ஒரு வகையில் சக்கரங்கள் கனமான இரும்பு உருளைகள்மேல் நிற்கும். இன்னொரு வகையில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே எந்திரத்தைப் பொருத்துவார்கள். டயர் வழுக்கும் பேச்சுக்கே அதில் இடமில்லை.

கார் நிறுவனங்கள் சொல்லும் ஹெச்பி எஞ்சினின் கிராங்கில், அதாவது பலம் வெளிவரும் தண்டில், அளந்தது. கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உருளைக்குக் கொடுக்கும். பெரோடுவாவின் 1.5 லிட்டர் மைவி கார் எஞ்சினுக்கு 102 ஹெச்பி. வழக்கமாகச் சொல்லப்படும் 15 விழுக்காடு இழப்பைக் கழித்தால் 87 அளவில்தான் நிற்கும். திரையில் 85 என்று பார்த்துவிட்டு எஞ்சின் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.

படி 1: முதலில் காரைச் சரிசெய்யுங்கள்

டைனோவில் எஞ்சினை முழு மிதியில் சிவப்புக் கோடு (எஞ்சின் சுற்றலாம் என்ற உச்ச வேகம்) வரைக்கும் திரும்பத் திரும்பக் கொண்டுபோவார்கள். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் நல்ல நிலையில் இருக்கட்டும். எஞ்சின் கோளாறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் முதலில் உங்கள் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) போங்கள். கோளாறோடு இருக்கும் காரை டியூன் செய்தால் (எஞ்சினின் அமைப்பை மாற்றிச் சீராக்கினால்), அந்தக் கோளாறு தீர்ந்த மறுநாளே டியூன் பொருந்தாமல் போகும். டயரில் வெடிப்பு இருக்கக் கூடாது; பள்ளங்களில் சிக்கிய கற்களை எடுத்துவிடுங்கள், உருளை சுற்றும்போது அவை தெறிக்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும்: ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறும், பலம் ஏறாது.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு முடிவோடு போங்கள். தினமும் ரோன் 95 (ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் அளவு) போடுகிறவர் அன்றைக்கு மட்டும் ரோன் 97 போட்டுக்கொண்டு போவதில் ஒரு பயனும் இல்லை. 97-க்கு ஏற்றபடி டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ளி டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் 95-க்கு இறங்கினால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக எரிந்து எஞ்சினுக்குள் தட்டும். எஞ்சினில் நாக் சென்சார் இருக்கிறது, அது டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும், உண்மைதான். அதையே நம்பி வண்டியை ஓட்டுவது ஆபத்து. எதைத் தொடர்ந்து போடப்போகிறீர்களோ அதையே அரை டாங்குக்குக் குறையாமல் போட்டுக்கொண்டு போங்கள்.

படி 2: நாள் குறிக்கும்போதே கேளுங்கள்

கட்டணம் ஓட்டத்துக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா? டியூனிங் அதில் சேர்த்தியா, தனியா? என் காரின் இசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இவர்கள் முன்பு வேலை செய்திருக்கிறார்களா? பழைய மேப் கோப்பையும் (இசியுவில் உள்ள அமைப்பு அட்டவணை) டைனோ வரைபடத்தையும் என்னிடம் தருவார்களா? பிறகு ஏதாவது தொந்தரவு என்றால் திரும்பப் பார்ப்பார்களா? நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் அதற்கேற்ற டைனோ இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளும் பட்டறையை விட்டுவிடலாம். நல்ல டியூனர் இவற்றை விரும்புவார்.

படி 3: உருளைமேல்

காரை ஏற்றிப் பட்டைகளால் முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டுவார்கள். ரேடியேட்டருக்கு எதிரே பெரிய விசிறி ஓடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சூடேறும்வரை மெதுவாக ஓட்டிவிட்டு, 1:1 விகிதத்துக்கு அருகில் உள்ள கியரில் (பல மேனுவல் கார்களில் நான்காவது) கீழ் ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதியில் சிவப்புக் கோடு வரை ஒரே இழுப்பு. சில நொடிகளில் முடிந்துவிடும். சத்தம் மிகப் பெரிது. முதல்முறை கேட்கிறவருக்கு எஞ்சின் வெடித்துவிடும் போலிருக்கும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காருக்கு நேர் முன்னேயோ பின்னேயோ நிற்காதீர்கள். சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோ) கியர்பாக்ஸ் கார்களில் விகிதம் தானாக மாறிக்கொண்டே இருப்பதால் வரைபடத்தில் சுத்தமான கோடு கிடைப்பது கடினம். டியூனர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இங்கேதான் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன் காரை அதன் இப்போதைய நிலையில் இரண்டு மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால் அதுதான் உங்கள் ஆரம்பக் கோடு. ஒரு தராசில் எடை பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வேறு தராசில் பார்த்து இளைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. டைனோவும் அப்படித்தான், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு எண் காட்டும். நண்பரின் கார் வேறு பட்டறையில் காட்டிய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

நம் ஊர் வெயிலும் கணக்கில் வரும். சூடான, ஈரமான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, பலமும் குறையும். இதைச் சமன்செய்ய மென்பொருள் ஒரு திருத்தம் போடும். எஸ்ஏஇ ஜே1349 என்ற முறை எல்லாவற்றையும் 25 பாகை செல்சியஸ் நிலைக்குக் கொண்டுவரும். வேறு முறைகள் எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டும். முன்பும் பின்பும் ஒரே திருத்த முறைதானா என்று பாருங்கள்.

படி 4: கோட்டைப் படிப்பது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு கோடுகள்: டார்க், பவர். டார்க் என்பது திருப்பும் விசை. அதையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் பவர். கணக்கு இதுதான்: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் ஹெச்பி.

நமக்கெல்லாம் தெரிந்த புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2004-இல் ஜென்-2 காரோடு வந்த 1.6 லிட்டர் எஞ்சின்; 4000 ஆர்பிஎம்மில் 148 நியூட்டன் மீட்டர், 6000-இல் 110 ஹெச்பி. 4000-இல் கணக்குப் போட்டால் 83 ஹெச்பிதான் வரும். 6000-இல் டார்க் 131 அளவுக்கு இறங்கிவிடுகிறது, ஆனாலும் வேகமாகச் சுற்றுவதால் பவர் அதிகம். எண்களை மட்டும் பார்த்தால் இது நல்ல எஞ்சின்தான். ஆனால் அந்தப் பழைய கேம்ப்ரோவில் 2500-இலிருந்து 3500 வரை டார்க் கோடு பள்ளமாக இறங்கி, பிறகு ஏறும். நெரிசலில் நாம் அதிகம் புழங்குவது அந்த இடத்தில்தான். மிதித்தாலும் கார் நகர யோசிக்கிறது என்று அதை ஓட்டியவர்கள் சொன்னதற்குக் காரணம் அந்தப் பள்ளம். 110 என்ற எண்ணில் அது தெரியாது, கோட்டில் தெரியும். பின்னால் வந்த கேம்ப்ரோ சிபிஎஸ் எஞ்சின் அந்தக் குறையைத் தீர்த்தது.

மூன்றாவதாக ஏஎஃப்ஆர் கோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் இது. சாதாரண ஓட்டத்தில் 14.7. முழு மிதியில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரை, டர்போ என்றால் 11.5 முதல் 12 வரை என்ற அளவில் இருக்கும். முழு மிதியில் அது 14-ஐ நோக்கி ஏறினால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஹெச்பி எவ்வளவு வந்தாலும் அப்படிப்பட்ட காரை நான் சாலைக்கு எடுத்துவர மாட்டேன்.

படி 5: டியூனிங்

புதிய கார்களில் பெரும்பாலும் இசியுவில் உள்ள மேப்பையே மாற்றி எழுதுவார்கள். கூடுதல் பெட்டி பொருத்துவது, முழுக்க வேறு இசியு போடுவது ஆகிய வழிகளும் உண்டு. டியூனர் கொஞ்சம் மாற்றுவார், ஓட்டுவார், கோட்டையும் நாக்கிங்கையும் பார்ப்பார், மறுபடி மாற்றுவார். மணிக்கணக்கில் ஆகலாம். இடையே எஞ்சினை ஆறவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் மேப் மட்டும் மாற்றினால் சில ஹெச்பிதான் கூடும். மிதியின் பதிலும் நடு ஆர்பிஎம் இழுப்பும் சீராவதுதான் அங்கே லாபம். டர்போவில் பூஸ்ட்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை) ஏற்றலாம், அதனால் பெரிய வித்தியாசம் வரும். அதோடு கிளட்ச், சிவிடி பெல்ட், பிஸ்டன் எல்லாவற்றின் மீதும் பாரம் ஏறும். இன்னும் பத்து ஹெச்பி எடுக்கலாம், ஆனால் வேண்டாம் என்று டியூனர் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். அரை மிதி, கால் மிதி ஓட்டத்தையும் பார்த்தாரா என்று கேளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் யாரும் முழு மிதியில் ஓட்டுவதில்லை.

படி 6: காரை எடுத்துக்கொண்டு வந்த பிறகு

முன்பும் பின்பும் எடுத்த கோடுகள் ஒரே தாளில், பழைய மேப் கோப்பு ஆகிய இரண்டையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் என்றால், மேப் மாற்றியதைக் காரணம் காட்டி எஞ்சின் கோரிக்கையை மறுக்க வாய்ப்பு உண்டு. இதைச் செய்வதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். எஞ்சினையே மாற்றியிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்து கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஏற்ற வேண்டும்.

அப்புறம், டைனோவின் விசிறிக்கு முன்னால் நன்றாக இருந்த கார் வெயிலில் ஆள் நிறைந்து மேடு ஏறும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். முதல் வாரத்தில் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிறு உலோகத் துண்டுகள் குலுங்குவது போல் எஞ்சினிலிருந்து சத்தம் (நாக்கிங்) கேட்டால் மிதியைத் தளர்த்துங்கள், எந்த ஆர்பிஎம்மில் எந்த கியரில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், டியூனருக்கு அழையுங்கள். அவர் பார்த்துச் சரிசெய்யும் வரை காரை மெதுவாகவே ஓட்டுங்கள்.