கோகர்ணத்தின் ஐந்து கடற்கரைகளை நடந்தே காண ஒரு வழிகாட்டி

கோகர்ணம் என்றதும் தமிழர் பலருக்கு முதலில் தேவாரம்தான் நினைவுக்கு வரும். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய துளுவ நாட்டுத் தலம் இது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் உள்ள இந்த ஊருக்கு வந்து மகாபலேஸ்வரரைத் தரிசித்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிற அன்பர்கள், கோயிலுக்குத் தெற்கே குன்றும் கடலும் மாறி மாறி வரும் அழகான ஒற்றையடிப் பாதை ஒன்று இருப்பதை அறியாமலே போய்விடுகிறார்கள். ஊர்க் கடற்கரையில் தொடங்கி, குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று ஐந்து கடற்கரைகளைக் கோத்துச் செல்லும் இந்தப் பாதையை, மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் அரை நாளில் நடந்து முடிக்கலாம். வெயிலும் கடலின் ஏற்ற வற்றமும் அறிந்து கிளம்பினால் இது எளிய பாதை. நினைத்த நேரத்தில் கிளம்பினால் இதே பாதை ஆளைப் படுத்திவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. மார்ச் பிறந்துவிட்டால் குன்றின் மேற்பரப்பு காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலத்தில், பசுமை எவ்வளவு ஆசை காட்டினாலும் இந்தப் பாதை வேண்டவே வேண்டாம். பாறைகள் பாசி பிடித்து வழுக்கும், கடலும் கொந்தளித்துக்கொண்டிருக்கும். மகா சிவராத்திரியையும் தேர்த் திருவிழாவையும் ஒட்டிய நாட்களில் ஊர் நிரம்பி வழியும் என்பதால், நடைக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

மேற்குக் கடற்கரை என்பதால் விடியலும் நமக்குப் பழகிய நேரத்தில் வராது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே சூரியன் எழ ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிடும். சென்னையோடு ஒப்பிட்டால் இது சுமார் இருபத்தைந்து நிமிடம் பின்தங்கியது. ஆனால் குன்றுகள் கிழக்கே நிற்பதால், சூரியன் எழுந்த பிறகும் கடலைப் பார்த்த சரிவுகளில் கொஞ்ச நேரம் நிழல் தங்கியிருக்கும். அந்த நிழல் இருக்கும்போதே பெரும்பகுதியை நடந்துவிட வேண்டும். ஆகவே வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுவதே முறை.

கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் முதல் நாள் மாலையிலேயே படகுக்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே மிகுந்திருக்கும். வற்றத்தின்போது கடற்கரையின் ஓரப் பாறைகளை ஒட்டி நடக்க இடம் கிடைக்கும். ஏற்றத்தின்போது அதே பாறைகளில் அலை மோதும். ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் இடைப்பட்ட பகுதியை வற்ற நேரத்தில் கடக்கும்படி திட்டமிட்டால், மற்ற பகுதிகளுக்கு அவ்வளவு கணக்குத் தேவையில்லை.

நடையை ஊர்க் கடற்கரையின் தெற்கு முனையில் தொடங்க வேண்டும். அங்கே குன்றின் சரிவில் சிறிய இராமர் கோயிலும், ஊற்று நீர் வந்து விழும் இராம தீர்த்தமும் உள்ளன. அங்கிருந்து மேலேறினால் செம்புரைக்கல் பரந்த மேட்டுநிலம் வரும். ஒரு பக்கம் கோயில் ஊரின் ஓட்டுக் கூரைகள், மறு பக்கம் நீலக் கடல். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்துக்கொண்டால், கிளைப் பாதைகள் எதிர்ப்பட்டாலும் வழி தவறாது. மேட்டிலிருந்து இறங்கும் இடமே குட்லே. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வளைந்த மணற்பரப்பை ஈர மணல் வழியாகக் கடப்பது கால்களுக்கு இதமாக இருக்கும்.

குட்லேயின் தெற்கு ஓரத்தில் மீண்டும் ஒரு குன்றேற்றம். மறுபுறம் இறங்கும் முன் மேலேயே நின்று ஓம் கடற்கரையைப் பாருங்கள். இறங்கிவிட்டால் அதன் வடிவம் தெரியாது. நடுவே பாறை முனை நீட்டிக்கொண்டிருக்க, இரு பக்கமும் இரண்டு பிறை வளைவுகள். நாகரி எழுத்தில் எழுதப்படும் ஓங்காரத்தை மனத்தில் கொண்டால்தான் பெயரின் காரணம் புரியும். நம் ‘ஓ’ எழுத்தைத் தேடினால் கிடைக்காது. ஓம் கடற்கரை வரை வண்டி வரும் சாலை இருக்கிறது, உணவகங்களும் இருக்கின்றன. காலை உணவை இங்கே முடித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்கு அப்பால் கடைகளை நம்பிப் போகக் கூடாது.

ஓம் முதல் ஹாஃப் மூன் வரையிலான அரை மணி நேர நடைதான் இந்தப் பாதையின் உயிர் என்பேன். முந்திரியும் புதர்களும் அடர்ந்த சரிவில் பாதை ஏறி, பிறகு கடலுக்கு நேர் மேலே குன்றின் விளிம்பை ஒட்டிச் செல்கிறது. கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். செம்புரைக்கல் உதிர்ந்து சுண்டைக்காய் அளவு உருண்டைச் சரளையாகப் பாதை முழுவதும் கிடக்கும். முதன்முறை என் அம்மாவை அழைத்துச் சென்றபோது, தினமும் போடும் ரப்பர் செருப்போடு அவரை நடக்க விட்டது என் தவறு. இறக்கத்தில் அந்த உருண்டைகள் செருப்புக்கு அடியில் உருண்டு, அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக உள்ளங்கை சிராய்ப்போடு போயிற்று. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, காலைக் குறுக்காக வைத்து வைத்து அவரே இறங்கினார். நல்ல பிடிமானமுள்ள காலணியோடு அதே முறையில் இறங்குவதுதான் சரி. விளிம்பில் நின்று படம் எடுக்க விரும்புகிறவர்கள், கால் வைக்கும் இடம் சரளையா பாறையா என்று முதலில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஹாஃப் மூன் சிறிய பிறை வடிவக் கடற்கரை. மணலின் மேல் விளிம்பில் அடும்பங்கொடி படர்ந்திருந்தால் மிதிக்காமல் சுற்றிச் செல்லுங்கள். மணல் காற்றில் போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். இங்கிருந்து பாரடைஸ் மேலும் அரை மணி நேரம். இந்தப் பகுதியில் மட்டும் சில இடங்களில் கையை ஊன்றிப் பாறை மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களும் ஹாஃப் மூனோடு நிறுத்திக்கொண்டால் குறையொன்றும் இல்லை. பெரியவர்கள் ஓம் கடற்கரை வரை ஆட்டோவில் வந்து, ஹாஃப் மூன் போய்த் திரும்பினாலே இந்தக் கரையின் முழு அழகையும் கண்டுவிடலாம்.

குளிக்க ஆசைப்பட்டால் ஆட்கள் நடமாட்டமுள்ள கடற்கரைகளில், உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். பாறை முனைகளை ஒட்டி நீர் உள்ளே இழுக்கும். அலை இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடமே இழுப்பு உள்ள இடமாக இருக்கக்கூடும்.

ஊருக்கு வர, கொங்கண் ரயில் பாதையில் கோகர்ணா ரோடு நிலையம் உள்ளது. எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை என்பதால் குமட்டா, அங்கோலா நிலையங்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து மங்களூரு வழியாகவோ பெங்களூரு வழியாகவோ வரலாம்.

திரும்பும்போது வந்த வழியிலேயே நடக்க வேண்டியதில்லை. பருவமழை இல்லாத மாதங்களில் பாரடைஸிலிருந்து ஓம் வரை படகு கிடைப்பதுண்டு. கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், உச்சி வெயிலுக்கு முன் ஓம் வந்து சேரும் அளவுக்கு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாரடைஸை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அங்கிருந்து ஆட்டோவில் ஊர் போய் ஓய்வெடுத்து, மாலையில் மறுபடி குட்லேக்கு வாருங்கள். நம் கிழக்குக் கரையில் கிடைக்காத காட்சியான கடலில் இறங்கும் சூரியனைக் குளிர்காலத்தில் ஆறு மணியளவில் பார்க்கலாம். மேட்டைக் கடந்து ஊர் திரும்புவதற்குள் இருட்டிவிடும். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.