உள்ளே 6 ஜிபி, வெளியே 19 ஜிபி: மெய்நிகர் கணினியின் வட்டுக் கணக்கு

லினக்ஸ் ஹோஸ்டில் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் அசல் கணினியில்) கியூஎமு என்ற மென்பொருள் மூலம் ஒரு மெய்நிகர் கணினி ஓடுகிறது. அதன் வட்டு, 20 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு கியூகவ்2 கோப்பு; எழுத எழுத வளரும் வகை. உள்ளே போய், இடக் கணக்கைக் காட்டும் ‘டிஎஃப் -எச்’ (df -h) கட்டளை கொடுத்தால் 6 ஜிபிதான் செலவு என்கிறது. வெளியே அந்தக் கோப்போ 19 ஜிபியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கணக்கும் சரிதான்.

உள்ளே நீங்கள் ஒரு கோப்பை அழித்தால், உள்ளிருக்கும் கோப்பு முறைமை தன் ஏட்டில் மட்டும் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது. ஹோஸ்டுக்கு அந்தச் செய்தி போவதில்லை. எழுத எழுத வீங்கிய கோப்பு, அழித்தால் இளைக்காது.

முதலில் வெளியே சரியாக அளந்து பாருங்கள். ‘எல்எஸ் -எல்’ காட்டுவது கோப்பின் பெயரளவு நீளம்; ‘டியூ -எச்’ காட்டுவது வட்டில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடம். புதிதாக உருவாக்கிய 20 ஜிபி ‘ரா’ வகைக் (வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே வைக்கும்) கோப்புக்கு முன்னது 20 என்றும் பின்னது ஏறத்தாழ சுழியம் என்றும் சொல்லும். ‘கியூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ’ கொடுத்தால் கொள்ளளவு, பிடித்த இடம் இரண்டும் ஒரே இடத்தில் தெரியும்.

அடுத்து, மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்துங்கள். உள்ளிருந்து மறுதொடக்கம் செய்வது போதாது; பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மெய்நிகர் கணினியின் அமைப்பைத் திருத்தும் ‘விர்ஷ் எடிட்’ (virsh edit) வழியே வட்டின் ‘டிரைவர்’ வரியில் ‘டிஸ்கார்ட்’ என்பதற்கு ‘அன்மேப்’ என்ற மதிப்பைக் கொடுத்துச் (discard='unmap') சேமியுங்கள்; ‘இடம் காலி’ என்ற செய்தி ஹோஸ்டுக்குப் போக இதுவே வழி. மீண்டும் இயக்கி, உள்ளே ரூட் பயனராக, அந்தச் செய்தியை அனுப்பும் ‘எஃப்எஸ்டிரிம் -ஏவி’ (fstrim -av) கொடுங்கள். இப்போது வெளியே ‘டியூ’ எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இரண்டு சந்தேகங்கள்: கோப்புக்குள் பழைய ஸ்னாப்ஷாட் (வட்டின் முந்தைய நிலையின் பதிவு) இருந்து இடத்தைப் பிடித்துவைத்திருக்கலாம், அல்லது உள்ளே லக்ஸ் (LUKS) என்ற வட்டு மறையாக்கம் இருக்கலாம். லக்ஸ் இயல்பாக இந்தச் செய்தியைக் கீழே அனுப்பாது.

வட்டுக் கோப்பைப் புதிய கோப்பாக நகலெடுக்கும் ‘கியூஎமு-ஐஎம்ஜி கன்வெர்ட்’ மட்டும் போதும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அது சுழியங்களைத்தான் தவிர்க்கும். அழித்த கோப்புகளின் எச்சம் சுழியம் அல்ல. போதாததற்கு, நிரம்பிய ஹோஸ்டில் இரண்டாவது நகலுக்கு இடம் தேட வேண்டும்!

கடைசியாக இதன் எதிர்ப்பக்கம். வட்டைப் பெரிதாக்கியும் உள்ளே ‘டிஎஃப்’ பழைய எண்ணையே காட்டினால், ‘குரோபார்ட்’ கொண்டு பகிர்வை விரியுங்கள். பிறகு கோப்பு முறைமை எக்ஸ்ட்4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’. அப்போதும் கூட்டல் கணக்கு சற்று உதைத்தால், எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைப்பதே காரணம்.