ஓசனிச்சிட்டுகளின் பேரின எல்லையை வரைவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி. அமசிலியா என்ற ஒரே பேரினத்தில் அண்மைக்காலம் வரை ஏறத்தாழ 30 ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) இனங்கள் இருந்தன. அவற்றை நானே பிரித்து அடுக்கிப் பார்த்தபோது பின்பற்றிய வழியை இங்கே தருகிறேன்.

முதலில் இறகின் நிறத்தை ஒதுக்கிவையுங்கள். இப்பறவைகளின் மின்னும் பச்சையும் ஊதாவும் சாயத்தால் வருபவை அல்ல. இறகின் நுண்கிளைகளில் அடுக்கடுக்காக அமைந்த மெலனின் தட்டுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுபவை. அந்த அடுக்கின் தடிமன் சற்று மாறினாலே நிறமும் மாறிவிடும் என்பதால், நிறத்தை வைத்து உறவைக் கணிக்க முடியாது. பூவுக்கேற்ப மாறும் அலகும் அப்படித்தான்.

அடுத்து, இனங்களின் உறவைக் கிளைகளாகக் காட்டும் மரபணுக் கிளைமரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் ஜிம்மி மெக்கையரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட, 284 இனங்களை உள்ளடக்கிய மரமே என் தேர்வு. அதைத் திறக்க, கிளைமரங்களைப் படமாகக் காட்டும் ஃபிக்ட்ரீ மென்பொருள் போதும். ஆர் என்ற நிரல்மொழியில் கிளைமரங்களைக் கையாளும் ஏப் தொகுப்பு விரைவானதுதான் என்றாலும், கிளைகளைக் கண்ணால் தொடர்ந்து பழகாதவர் அதன் விடையில் உள்ள பிழையைக் காணமாட்டார் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் சேர்ந்த கிளையே பேரினமாகலாம். ஆதரவு மதிப்பு (அந்தப் பிரிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காட்டும் எண்) குறைந்த கணுவில், அதாவது கிளை பிரியும் இடத்தில், எல்லை வரையாதீர்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கடுத்த படியில். அமசிலியா இனங்கள் பல கிளைகளில் சிதறிக் கிடப்பதைக் கண்டதும், எந்தக் கிளையில் அதிக இனங்கள் உள்ளனவோ அதற்கே பழைய பெயரைக் கொடுத்து ஒரு முழு அட்டவணையைத் தயாரித்துவிட்டேன். அது அடிப்படையிலேயே தவறு. பெயர் எண்ணிக்கையைப் பின்தொடர்வதில்லை. பேரினத்தின் வகை இனம் (அப்பெயருக்கு அடையாளமாக நிறுத்தப்பட்ட இனம்) எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் செல்லும். இங்கே வகை இனம் மெக்சிகோ முதல் கோஸ்டாரிகா வரை வாழும் அமசிலியா ருட்டிலா. ஆகவே அதற்கும் அதனுடன் நிற்கும் சக்காட்டில் போன்ற சில இனங்களுக்குமே அப்பெயர் உரியது. ஏனையவற்றுள் பெரில்லினா இனம் சௌசெரோட்டியா பேரினத்துக்கும், ஃபிம்ப்ரியாட்டா இனம் கியோனொமீசா பேரினத்துக்கும் போயின. கிளைக்குள் வேறு பேரினப் பெயர்களின் வகை இனங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்து, அப்பேரினப் பெயர்களில் மூத்ததைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்ப்பதா, பிரிப்பதா என்ற கேள்விக்குக் கலியோப்பி ஓசனிச்சிட்டு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்பறவையின் வெண்தொண்டையில் ஒயின் நிற இறகுகள் தனித்தனிக் கதிர்களாக விரிந்திருப்பதால், அதற்கென்றே 1861இல் ஸ்டெல்லுலா என்ற பேரினத்தை ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் உருவாக்கினார். ஆனால் மரத்தில் அது செலஸ்ஃபோரஸ் என்ற பேரினத்தின் இனங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது. அதைத் தனியே வைத்தால் செலஸ்ஃபோரஸைத் துண்டாட வேண்டும். சேர்த்தால் ஒரு பெயர் மட்டுமே மறையும். அமெரிக்கப் பறவையியல் சங்கம் பின்னர் சேர்த்தது. 1832இல் சூட்டப்பட்ட செலஸ்ஃபோரஸே மூத்த பெயர் என்பதால் அதுவே நிலைத்தது. என் விருப்பமும் இத்தகைய இடங்களில் சேர்ப்பதே.

பிற்சேர்க்கை: வயலிசெப்ஸ், விரிடிஃப்ரான்ஸ் ஆகிய இரண்டு இனங்களையும் என் அட்டவணையில் லியூக்கோலியா என்ற பழைய பேரினப் பெயரில் எழுதியிருந்ததை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். உயிர்ப்பிக்கப்பட்ட அப்பெயர் அந்தக் கிளைக்குச் செல்லாது என்று தெரிந்ததால், 2021இல் ரமோசோமியா என்ற புதிய பெயர் சூட்டப்பட்டது. பழைய பெயரொன்றை மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வகை இனத்தை மூல வெளியீட்டிலேயே சரிபாருங்கள். பிற்காலப் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள்.