'லியர் மன்னன்' நாடகத்தில் விசுவாசத்தையும் துரோகத்தையும் படிப்பது எப்படி? தொடக்க வாசகர்களுக்கான செய்முறை

அரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்று சொல்லும் மலேசியத் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவை வாரந்தோறும் பள்ளிச் சபைகூடலில் ஒப்புவித்து வளர்ந்த நமக்கு 'விசுவாசம்' என்ற சொல் புதிதன்று. ஆயினும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் சிறிய வாசிப்பு வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தை எடுத்தபோது, மாணவர்கள் பாத்திரங்களை நல்லவர், துரோகி என்று இரண்டு வரிசையில் நிறுத்திவிட்டு, அதற்குமேல் எழுத ஏதுமின்றிப் பேனாவை மூடிவைத்தார்கள். அந்த இடத்திலிருந்து நாங்கள் மீண்டு வந்த வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன். நாடகத்தை ஒருமுறையேனும் முழுவதும் படித்துவிட்டு இதைத் தொடங்குவது நல்லது.

படி 1: கடன்களை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் எழுதி, அவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், அது இரத்தக் கடனா, செஞ்சோற்றுக் கடனா என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரே ஆள் இருவருக்குக் கடன்பட்டிருந்தால் அவர் பெயரின்கீழ் கோடிடுங்கள். நாடகம் அங்கேதான் சூடு பிடிக்கும். கும்பகர்ணனும் வீடணனும் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே அண்ணனுக்குக் கடன்பட்டு, வெவ்வேறு முடிவுக்கு வந்ததைப் பட்டிமன்றங்களில் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிது. லியரில் அப்படிச் சிக்கிக்கொள்பவர் குளோஸ்டர் பிரபு: பழைய மன்னருக்கும் அவர் கடன்பட்டவர், இப்போது நாட்டை ஆளும் கார்ன்வால் கோமகனுக்கும் கட்டுப்பட்டவர்.

படி 2: சொல் ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம்

முதல் அங்கத்தின் முதல் காட்சியில் தொடங்கி, ஒவ்வொருவரும் சொல்வதைத் தாளின் ஒரு பக்கத்திலும் செய்வதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். தம்மீது யாருக்கு அன்பு அதிகம் என்று லியர் கேட்க, மூத்த மகள்கள் கானரிலும் ரீகனும் வாய் நிறையப் புகழ்ந்து நாட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; கடைக்குட்டி கார்டிலியாவோ சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிறாள். அவளுக்காகக் குறுக்கே நிற்கும் கென்ட் பிரபுவை மன்னர் நாடுகடத்துகிறார். 1623ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஆயத்தம் செய்ய அவருக்கு 5 நாள் தரப்படுகிறது. பத்தாம் நாள் எல்லைக்குள் அகப்பட்டால் மரணம். அவரோ தோற்றத்தையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு அதே மன்னரிடம் வேலையாளாக வந்து சேர்கிறார். இடித்துரைப்பவர் இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாமலேயே கெடுவான் என்னும் 448ஆம் குறளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், கென்டின் எதிர்ப்பே அவருடைய விசுவாசம் என்பது விளங்கும். மூத்த மகள்களின் செயல் பக்கத்தை நிரப்ப, லியருடைய வீரர்களின் எண்ணிக்கை 100இலிருந்து 50 ஆகி, 25 ஆகி, ஒருவர்கூட எதற்கு என்று முடியும் உரையாடலே போதும்.

படி 3: 'மாட்டேன்' என்று எவர் சொல்கிறார்?

எங்கள் வகுப்பில் இந்தப் படிக்கே இரண்டு வாரங்கள் பிடித்தன. கானரிலின் பணியாள் ஆஸ்வால்டை எந்த வரிசையில் வைப்பது என்று வாக்குவாதம் எழுந்தது. அவன் எசமானிக்கு எள்ளளவும் துரோகம் செய்யவில்லை. அவளுடைய கடிதத்தைப் பிரித்துப் பார்க்க ரீகன் கேட்டபோதும் அவன் இணங்கவில்லை. குளோஸ்டரின் மூத்த மகன் எட்கர் கையால் சாகும்போதுகூட அக்கடிதத்தை உரியவரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறான். ஆனால் அவள் சொல்லும் எந்தத் தீமைக்கும் மறுப்புச் சொன்னதில்லை. "தோட்டத்தில் துரை சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய கங்காணியைப் பற்றி எங்கள் தாத்தா இப்படித்தான் சொல்வார், சார்," என்றாள் ஒரு மாணவி. என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

அவனுக்கு எதிரே மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சியில் வரும் வேலையாளை நிறுத்துங்கள். லியருக்கு உதவிய குற்றத்திற்காகக் குளோஸ்டரை நாற்காலியில் கட்டி, கார்ன்வால் அவருடைய ஒரு கண்ணைப் பறித்துவிடுகிறான். அப்போது பெயர்கூட இல்லாத அந்த வேலையாள் முன்வந்து, சிறுவயது முதல் உங்களிடம் வேலை செய்கிறேன், இப்போது உங்களைத் தடுப்பதைவிடப் பெரிய ஊழியம் நான் செய்ததில்லை என்கிறான். வாள்கள் மோதுகின்றன, கார்ன்வால் காயமடைகிறான், ரீகன் இன்னொருவரின் வாளை வாங்கி வேலையாளைப் பின்னாலிருந்து குத்துகிறாள். சாகும்போது அவன் குளோஸ்டரிடம், எசமானுக்கு நேர்ந்த கேட்டைப் பார்க்க உங்களுக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது என்று சொல்ல, அதைக் கேட்டதும் கார்ன்வால் அந்தக் கண்ணையும் பறிக்கிறான். ஆறுதலாகச் சொன்ன சொல்லே வினையாகிறது. எனினும் அவன் தந்த காயத்தால் கார்ன்வால் இறக்கிறான், ரீகன் விதவையாகிறாள், குளோஸ்டரின் இளைய மகன் எட்மண்டுக்காக அக்காளும் தங்கையும் மோத, ஒருத்தி மற்றவளுக்கு நஞ்சு வைக்கிறாள். சில வரிகளே பேசும் ஒருவனின் மறுப்பு நாடகத்தின் பின்பாதியையே திருப்பிவிடுவதை அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள்.

படி 4: துரோகியின் கணக்கையும் கேளுங்கள்

எட்மண்ட் குளோஸ்டரின் முறைதவறிப் பிறந்த மகன். நாடகம் தொடங்கியவுடனே, அவனை அருகில் வைத்துக்கொண்டே அவன் பிறப்பைப் பற்றித் தந்தை கேலி பேசுவதைக் கவனியுங்கள். பின்னர் அவன் அண்ணன் எட்கர்மீது பழி சுமத்தப் பொய்க்கடிதம் ஒன்றை எழுதி, அதைத் தந்தை கண்ணில் படும்படி அவசரமாக மறைக்கிறான். காட்டியிருந்தால் தந்தை ஐயுற்றிருப்பார், மறைத்ததால் நம்புகிறார். அவனுடைய மனக்குறைக்குக் காரணம் இருந்தது என்று எழுதுங்கள்; அதற்காக அவனை மன்னித்துவிட வேண்டியதில்லை.

படி 5: பத்தியாக எழுதுங்கள்

ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுக்காமல் இருவரை இணைத்து எழுதுங்கள். ஆஸ்வால்டும் அந்த வேலையாளும் முதல் முயற்சிக்கு ஏற்றவர்கள். எழுதுமுன் கையிலுள்ள பதிப்பையும் சரிபாருங்கள்: 1681இல் நேஹம் டேட் மாற்றியெழுதிய வடிவத்தில் கார்டிலியா பிழைத்து எட்கரை மணக்கிறாள்; அதை நம்பி எழுதினால் மதிப்பெண் போய்விடும். மூலத்திலும் வேறுபாடு உண்டு. கண் பறிக்கப்பட்ட காட்சியின் முடிவில், மற்ற இரு வேலையாட்கள் குளோஸ்டரின் முகத்தில் வடியும் குருதிக்குச் சணல் நாரும் முட்டை வெள்ளையும் கொண்டுவரப் போவது 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது, 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. உங்கள் பிரதியில் அவ்வரிகள் இருந்தால், முதல் படியில் எழுதிய தாளில் அவ்விருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி, யாருக்கு என்ன கடன்பட்டு அவர்கள் அதைச் செய்தார்கள் என்று எழுதிப் பாருங்கள்.