கருணையுள்ள கடவுள் இருந்தா கஷ்டம் ஏன்? "இயற்கை விதி"ங்கிற பதிலை எப்படி சோதிச்சுப் பாக்குறது

பூகம்பத்துல ஒரு குழந்தை செத்துப்போச்சு, கடவுள் நல்லவர்னா இது எப்படின்னு கேட்டா "அது இயற்கை விதிங்க"ன்னு ஒரு பதில் வரும், அதாவது தலையெழுத்து இல்ல, உலகம் மாறாத ஒழுங்குல ஓடுறதால வர்றதுன்னு. அதை அப்படியே முழுங்கவும் வேணாம், சட்டுன்னு தூக்கிப் போடவும் வேணாம். எதுவரைக்கும் தாங்கும்னு நீங்களே சோதிச்சுப் பாருங்க.

முதல்ல கஷ்டத்தை ரெண்டாப் பிரிங்க. மனுஷனுக்கு மனுஷன் பண்ற கொடுமைக்கு, கடவுள் மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்காருன்னு வேற ஒரு பதில் இருக்கு, இங்க பேச்சு நோய், பூகம்பம், வெள்ளம் பத்தித்தான். ஆனா இந்தக் கோடு நேரா விழாது. 1755 நவம்பர் 1, போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன்ல பூகம்பம் வந்தப்ப புனிதர்கள் எல்லாருக்குமான திருநாள், சர்ச்செல்லாம் கூட்டம், ஆயிரக்கணக்குல செத்தாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் மனசு கொதிச்சுக் கவிதை எழுதினாரு, அதுக்கு தத்துவஞானி ரூசோ அடுத்த வருஷம் கடிதம் எழுதி, ஆறு ஏழு மாடியில இருபதாயிரம் வீட்டை அங்க நெருக்கிக் கட்டினது இயற்கை இல்லையேன்னாரு. அதனால நாம சேத்தது எவ்வளவுன்னு முதல்ல கழிச்சிருங்க, மிச்சத்தை மட்டும் கடவுள்கிட்ட கேளுங்க.

அப்புறம் இந்த வாதத்தை அதோட பலமான வடிவத்துல வச்சுக்கங்க, இல்லன்னா நீங்க தோக்கடிக்கிறது பொம்மையைத்தான். தீ ஒரு நாள் சுட்டு ஒரு நாள் சுடாம இருந்தா யாரும் எதையும் கத்துக்க முடியாது, ஒருத்தருக்கு உதவி பண்ணக்கூட முடியாது, ஏன்னா எதைச் செஞ்சா என்ன ஆகும்னே தெரியாதே. நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஒரே விதியில இருந்துதான் வருது. டிஎன்ஏ நகலாகும்போது வர்ற சின்னச் சின்னப் பிழை இல்லாம பரிணாமம் இந்த அளவுக்கு வந்திருக்காது, அதே மாதிரிப் பிழைதான் புற்றுநோய்க்கும் வழி விடுது. வலியையே எடுத்துக்கங்க, தொழுநோயில கை கால் உணர்ச்சி போயிட்டா சுட்டதும் வெட்டினதும் தெரியாம புண்ணு முத்தி விரலே போகுது.

இப்பத்தான் முக்கியமான வேலை, மூணு கேள்வியால அழுத்திப் பாருங்க. ஒண்ணு, அற்புதம். விதியை உடைச்சு ஒருத்தரைக் கடவுள் குணமாக்கினார்னு நம்புறவங்க, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவருக்கு மட்டும் "விதியை உடைக்கக் கூடாது"ன்னு சொல்ல முடியாது. ரெண்டு, சொர்க்கம். அங்க ஒழுங்கும் இருக்கு வலியும் இல்லன்னா, வலி இல்லாத விதி சாத்தியம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, அதை ஏன் இங்கயே வைக்கலன்னு கேள்வி நிக்கும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான கேள்வி, இதுக்கு நான் படிச்ச எந்தப் பதிலும் என்னை முழுசா சமாதானப்படுத்தல. மூணு, அளவு. 1979ல அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ரோ ஒரு உதாரணம் சொன்னாரு, யாருமே இல்லாத காட்டுல தீப்பிடிச்சு ஒரு மான்குட்டி வெந்து பல நாள் துடிச்சு சாகுது. அதைப் பாத்து யாரும் எதையும் கத்துக்கல, குட்டியும் கத்துக்க வழியில்ல. விதின்னு ஒண்ணு ஏன் வேணும்னு இந்த வாதம் நல்லாவே சொல்லும், இவ்வளவு ஏன், இந்த உயிருக்கு ஏன்னு கேட்டா அதுகிட்ட பதில் இல்ல.

நம்ம மரபுல வேற ஒரு வழி இருக்கு. வேதாந்த நூலான பிரம்மசூத்திரம் 2.1.34ல கடவுளுக்குப் பாரபட்சமும் இல்ல, கொடுமையும் இல்ல, அவர் கர்மாவைப் பாத்துத்தான் தர்றார்னு வரும். மழை பொதுதான், விதைக்கு ஏத்த பயிர்னு சங்கரர் அதை விளக்குறாரு. இதையும் அதே மாதிரி அழுத்திப் பாருங்க, ஏன்னா இதை ஒரு குழந்தையோட நோய்க்குப் பொருத்தினா பழி அந்தக் குழந்தை மேலயே போய் விழும், அதை என்னால ஏத்துக்க முடியல.

கடைசியா, யார்கிட்ட இதைப் பேசக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கங்க. இழப்புல உக்காந்திருக்கிறவங்க "ஏன்"னு கேக்குறது பெரும்பாலும் வாதத்துக்கு இல்ல, அப்ப டிஎன்ஏவும் வேணாம் கர்மாவும் வேணாம். பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்க மூணு பேரும் ஏழு நாள் ராத்திரி பகலா அவர்கூடத் தரையில உக்காந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்தப் பேச்சுக்குத்தான் கடைசியில கடவுளே அவங்க மேல கோவப்பட்டாரு.