பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வரிக் கழிவு: ஆவணங்களைச் சேர்க்கும் முறை

2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் வருமான வரிச் சட்டம் 1961-இன் 80டி பிரிவு மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் 60 வயதை எட்டியவர்களாகவும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களாகவும் இருந்தால், அவர்களுக்காக நாம் செய்யும் மருத்துவச் செலவையும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை அதே பிரிவில் நம் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவர்கள் நம்மைச் சார்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் மாமனார், மாமியாருக்கு இது பொருந்தாது.

படி 1: எந்த வரிமுறை என்று முடிவு செய்யுங்கள்

வரியைக் கணக்கிடும் பழைய, புதிய என்ற இரண்டு முறைகளில், இந்தக் கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் நாமாக மாற்றினாலன்றிப் புதிய முறையே கணக்கில் கொள்ளப்படுவதால், வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள கணிப்பானில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய முறையில்தான் வரி குறைவு என்றால், கீழே சொல்லும் எந்த வேலையும் தேவையில்லை.

படி 2: ரொக்கத்தைத் தவிருங்கள்

பெரும்பாலானோர் கழிவை இழப்பது இங்கேதான். ரொக்கமாகச் செலுத்திய மருத்துவச் செலவுக்கு, பில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், கழிவு கிடையாது. நோய்த் தடுப்புக்கான உடல் பரிசோதனைக்கு மட்டும், மொத்த வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை, ரொக்கம் ஏற்கப்படும். ஆகவே தெருமுனை மருந்துக்கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் யுபிஐ அல்லது கார்டு மூலமே, அதுவும் கழிவு கோருபவரின் கணக்கிலிருந்தே, பணம் செலுத்துங்கள். அப்பா தம் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, மகன் தன் கணக்கில் கழிவு கோர முடியாது.

படி 3: மூன்று தாள்களை ஒன்றாக வையுங்கள்

மருத்துவரின் மருந்துச் சீட்டு, நோயாளியின் பெயரும் தேதியும் உள்ள பில், பணம் சென்றதைக் காட்டும் வங்கிப் பதிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவசரத்தில் மருந்துக்கடையில் பெயர் போடாமலே பில் அடித்துக் கொடுப்பார்கள். அங்கேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்து, ‘2025-06-14_அம்மா_ரத்தப்பரிசோதனை_850’ என்பது போலத் தேதியில் தொடங்கும் பெயரில் சேமியுங்கள். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், இறுதி பில்லுடன் முன்பணம் கட்டிய ரசீதுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். மார்ச் கடைசியில் கட்டிய முன்பணம், ஏப்ரலில் வந்த பில் என்று இரண்டு நிதியாண்டுகள் கலந்துவிட்டால், இந்த ரசீதுகளே துணை.

புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றுக்கு 80டிடிபி என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குச் சிறப்பு மருத்துவரின் சீட்டு கட்டாயம். ஒரே பில்லை இரண்டு பிரிவிலும் காட்டாதீர்கள்.

படி 4: பதிவு செய்யுங்கள்

தேதி, பெற்றுக்கொண்டவர், தொகை, பரிவர்த்தனை எண் என்று ஓர் எக்செல் தாளில் எழுதிக் கூட்டி, அந்தத் தொகையை வருமான வரிக் கணக்குப் படிவத்தின் 80டி அட்டவணையில் பெற்றோருக்கான மருத்துவச் செலவு என்ற இடத்தில் நிரப்புங்கள். பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உரிய கெடு தேதிக்குள் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். பில் எதையும் இணைக்க வேண்டியதில்லை. துறை பின்னர் விளக்கம் கேட்கக்கூடும் என்பதால், கோப்பைக் குறைந்தது ஆறு ஆண்டுகளாவது பத்திரமாக வைத்திருங்கள்.